ஷூட்டிங் வண்டி மாதிரி தெரியக் கூடாது!

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன், வயது 61. பழனி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று நினைத்தபோது கிளம்பிப் போய், வண்டியிலேயே படுத்து எழுந்து வர ஒரு வேன் வாங்க ஆசை. நானும் மனைவியும் மட்டும்தான். அவளுக்கு மூட்டு வலி உண்டு. ஆனால் பார்த்ததும் கேரவன் என்று தெரியக் கூடாது. எங்கள் ஊரில் கேரவன் நின்றால் 'யாரு நடிக்கிறா?' என்று கூட்டம் கூடிவிடும். வண்டி நிறுத்தப் பின்வாசலில் ஷெட் இருக்கிறது. அதன் வாசல் 9 அடி உயரம், 7 அடி அகலம். எந்த வண்டி சரிப்படும்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் கேரவன் என்றால் படப்பிடிப்புதான். அதனால் உங்கள் கவலை நியாயமானது.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்திருந்தால் ஜன்னலே இல்லாத வெள்ளைச் சரக்கு வேனை வாங்கச் சொல்லியிருப்பார்கள். அங்கே பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் அதில்தான் வருகிறார்கள். தெருவில் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே கோயில் பார்க்கிங்கில் ராத்திரி ஜன்னலில்லாத வேன் நின்றால் ரோந்துக் காவலர்தான் முதலில் வந்து தட்டுவார். நம் ஊரில் கண்ணில் படாத வண்டி, சுற்றிலும் கண்ணாடி வைத்த, கூரையில் கேரியர் போட்ட வெள்ளை டூரிஸ்ட் வேன். பழனி அடிவாரத்தில் நூறு நிற்கும். உங்களுடையது நூற்றியொன்று.

அந்த வகையில் ஃபோர்ஸ் டிராவலர் 3350, டாடா விங்கர் இரண்டையும் பாருங்கள். டிராவலருக்கு மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார், உள்ளே இடமும் தாராளம். ஆனால் அது பின்சக்கர இழுவை வண்டி. தரை உயரம், படி ஏற வேண்டும். விங்கர் முன்சக்கர இழுவை. இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அடியில் ஓடாததால் தரை தாழ்வாக இருக்கும். மூட்டு வலி உள்ள ஆச்சிக்கு இதுவே போதுமான காரணம். நீளமான வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி), உயர்கூரை விங்கரைத்தான் சொல்வேன். ஃபோர்ஸ் அர்பேனியா நல்ல வண்டி, ஆனால் நம் பக்கம் இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள். மாருதி ஈகோ வேனில் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. வலிக்கிற முட்டியோடு குனிந்தபடி புடவை மாற்றச் சொன்னால் இரண்டாவது பயணத்துக்கு ஆச்சி வர மாட்டார்கள்.

ஷெட் வாசல் விஷயத்தில் கவனம் வேண்டும். 9 அடி என்பது 2.74 மீட்டர். உயர்கூரை வேன்கள் இரண்டரை மீட்டரை ஒட்டி வரும். அதன்மேல் 20 செ.மீ. கேரியர் ஏறினால் மிச்சம் 4 செ.மீ.தான். ஷெட் தரைக்கு ஏறும் சரிவில் முன்சக்கரம் ஏறும்போது அதுவும் போய்விடும். கேரியரை 10 செ.மீ.க்கு மேல் போகாமல் கட்டச் சொல்லுங்கள். கேட்லாக் உயரத்தை நம்பாமல், காலி வண்டியை நிறுத்தி டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். காலி வண்டியின் ஸ்பிரிங் தூக்கி நிற்கும். அதுதான் அதிகபட்ச உயரம். அகலத்துக்குக் கவலை இல்லை, கண்ணாடிகளை மடக்கினால் போதும்.

கேரவனைக் காட்டிக்கொடுப்பது அதில் போடும் ஓட்டைகள்தான்: பக்கவாட்டில் தண்ணீர் நிரப்பும் மூடி, கரண்ட் பிளக், குளியலறை எக்ஸாஸ்ட், சுருட்டி வைத்த பந்தல். இவற்றில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. பழனி, ராமேஸ்வரம் போன்ற கோயில் ஊர்களில் நகரத்தாரின் நகர விடுதி இருக்கிறது, மற்ற ஊர்களில் லாட்ஜ் இருக்கிறது. குளியலை அங்கே வைத்துக்கொண்டால் வண்டியில் பாத்ரூமும் அதன் டேங்கும் மிச்சம். ராத்திரி அவசரத்துக்கு, கையில் தூக்கிப் போய்க் கொட்டக்கூடிய சின்னக் கேசட் டாய்லெட் ஒன்று, கட்டிலுக்கு அடியில். தண்ணீருக்கு இரண்டு 20 லிட்டர் கேன், மேலே சார்ஜ் போடும் சின்னப் பம்ப். கேனை எந்தப் பெட்டிக்கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். கழுவிய தண்ணீரும் ஒரு கேனுக்குள்தான் விழ வேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டினால் உள்ளே ஆள் குடியிருப்பது தெரிந்துவிடும். கரண்ட் எடுக்கும் சாக்கெட்டைப் பின் பம்பருக்குள் மறைவாக வையுங்கள்.

கேரியருக்குள் 200 வாட் கெட்டிச் சோலார் பேனல் ஒன்றைப் படுக்கவைத்தால் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அடியில் 5 செ.மீ. காற்று இடைவெளி இருக்கட்டும். வளையும் பேனலை நேராகக் கூரையில் ஒட்டச் சொல்வார்கள். நம் வெயிலில் அது அடிச்சூடு தாங்காமல் சீக்கிரம் கெடும். சூடான காற்று வெளியேறக் கூரையில் போடும் வென்டும் (14 அங்குலச் சதுரம்) அதே கேரியர் மறைவில் வரட்டும். அதன் விசிறி காற்றை வெளியே தள்ள வேண்டும். நிழல் பக்க ஜன்னலைக் கொசுவலையோடு நாலு விரல் திறந்தால் அங்கிருந்து குளிர்காற்று உள்ளே வரும். நம் வீட்டு வளவில் (முற்றத்தில்) சூடு மேலே ஏறி வெளியேறுகிறதே, அதே கணக்கு. கூரைத் தகட்டுக்கு அடியில் ஏ.சி. டக்ட் வேலைக்கு விற்கும் 13 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். அதற்குப் பதில் கண்ணாடிப் பஞ்சு வைத்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

கரண்ட் கணக்கு இது. 12 வோல்ட் விசிறி இரண்டு, 25 வாட் வீதம் ஒன்பது மணி நேரம்: 450 வாட்-மணி. சின்னக் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 500. விளக்கு, போன் சேர்த்து 140. மொத்தம் 1,090. 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கும். பேனல் நல்ல வெயில் நாளில் 700 வரை தரும். மிச்சத்துக்கு இன்ஜினோடு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேர ஓட்டம் போதும். இந்தப் பேட்டரியில் ஒரு டன் வீட்டு ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவதும் வேண்டாம். இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. மிக்ஸி வீட்டிலேயே இருக்கட்டும், பருப்புப் பொடி போதும். சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, பக்கக் கதவு ஓரம். கசியும் கேஸ் கீழேதான் தேங்கும், அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் கட்டாயம். ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும்.

ஜன்னல்களுக்குத் திரைச்சீலை போடாதீர்கள். தொங்கும் துணியைப் பார்த்தாலே உள்ளே தூங்குகிறார்கள் என்று தெரியும். கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012 முதல் உச்ச நீதிமன்றத் தடை இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் செய்தித்தாளில் அச்சு எடுத்து, 10 மி.மீ. ஃபோம் ஷீட்டைச் சுற்றிலும் 5 மி.மீ. பெரிதாக வெட்டினால் அழுத்தியதும் ஃபிரேமில் தானே நிற்கும். ஒரு பக்கம் வெள்ளித் தாள், மறுபக்கம் கறுப்புப் பருத்தித் துணி ஒட்டுங்கள். பகலில் வெயிலில் நிறுத்தும்போது வெள்ளி வெளிப்பக்கம். ராத்திரி கறுப்பு வெளிப்பக்கம். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் இருட்டுக் கண்ணாடிதான்.

கட்டில் நீளவாக்கில் 6 அடி 2 அங்குலம், அகலம் 4 அடி. குறுக்கே போட நினைத்தால், பக்கச் சுவர் வளைவதால் மெத்தை மட்டத்தில் அளக்க வேண்டும்; இன்சுலேஷன் ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. தின்றுவிடும். மெத்தையோடு சேர்த்து 18 அங்குல உயரம் இருந்தால் ஆச்சி கால் ஊன்றி எழலாம். கதவோரம் இடுப்பு உயரத்தில் உறுதியான கைப்பிடி, கீழே வைக்க 6 அங்குல முக்காலி. பொருத்திய படி வேண்டாம், அதுவும் வெளியே தெரியும்.

இனி காகிதம். சீட்டைக் கழற்றினால் ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கை மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அது கூடாது. பிரிவு 182ஏ படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. சொல்லாமல் மாற்றினால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும். கேரவனுக்கான தரநிலை ஏ.ஐ.எஸ். 124, அதன்படி அனுமதி பெற்ற கட்டுமானக்காரரிடம் போனால் பாதிச் சிக்கல் தீரும். சொந்த உபயோகக் கேம்பர் வேன், வாடகை வண்டி அல்லாத வகையில் சேரும், அதற்கு வெள்ளை நம்பர் பிளேட்தான். பழைய டூரிஸ்ட் வேன் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பெர்மிட் ஒப்படைப்பு, வரி பாக்கி, வகை மாற்றம் எல்லாம் முடியுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் வண்டியை ஷெட்டில் நிறுத்தி, ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டு, ஜன்னல் ஃபோம் பலகைகளை எல்லாம் மாட்டுங்கள். நீங்கள் வெளியே இருட்டில் ஒரு சுற்று வாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போடுங்கள். பெரும்பாலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் கசியும். அங்கே தரை வரை இறங்கும் கனத்த கறுப்புத் துணி ஒன்று வேண்டும்.