லண்டன் வீட்டு போன் டிஜிட்டலாக மாறும்போது: கேள்வி பதில்

பிரிட்டனின் பழைய செப்புக் கம்பி போன் இணைப்புகள் 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்பட்டு, இணையம் வழி போனாக மாறுகின்றன. தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அம்மா லண்டன் ஹாரோ பகுதியில் தனியாக இருக்கிறார். கழுத்தில் அவசர பட்டன். மாறினால் வேலை செய்யுமா?

செய்யலாம், செய்யாமலும் போகலாம். பட்டனை அழுத்தினால் வீட்டிலுள்ள பெட்டி கண்காணிப்பு மையத்துக்கு போன் போட்டு, 'பீப் பீப்' ஒலிகளால் யார் வீடு என்று சொல்லும். செப்புக் கம்பி அந்த ஒலியை அப்படியே கொண்டுபோகும். இணைய போன் அதைத் துண்டு துண்டாக அனுப்பும்; ஒரு துண்டு தாமதமானாலும் ஒலி சிதையலாம். அப்படிச் சிதைந்தால் போன் போகும், மையத்துக்கு ஒன்றும் புரியாது.

போன் கம்பெனி, அலாரம் கம்பெனி இரண்டிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டன் வேலை செய்வது உறுதியாகாமல் இப்படிப்பட்டவர்களைக் கட்டாயமாக மாற்ற மாட்டோம் என்று பெரிய கம்பெனிகள் 2023 டிசம்பரில் அரசிடம் ஒப்புக்கொண்டன. மாற்றும் நாளில் அம்மாவைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மறுமுனையில் குரல் கேட்கும்வரை மாற்ற வந்த ஆளை வெளியே விடாதீர்கள்.

கரண்ட் போனால்?

முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 50 வோல்ட் கம்பி வழியே வந்தது. இப்போது ரவுட்டர் அணைந்தால் போனும் அணையும். வீட்டு போனையே நம்பியிருப்பவர்கள் அவசர எண் 999-ஐ அழைக்க, குறைந்தது ஒரு மணி நேரத்துக்கான வழியை இலவசமாகத் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. கேட்டு வாங்குங்கள்.

மொபைல் இருக்கே, சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

2021 நவம்பரில் அர்வென் புயல் அடித்தபோது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சில வீடுகளுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மொபைல் டவருக்கும் கரண்ட் வேண்டும் ஐயா.

லண்டனில் ஏது புயல்? ஒரு மணி நேரம் தாராளம்.

உங்களுக்குத் தாராளம். விழுந்து கிடக்கும் எண்பது வயதுக்காரர் மேசையிலுள்ள மொபைலை எப்படி எடுப்பார்? அதற்குத்தான் கழுத்தில் பட்டன்.

எங்கள் ஃபிளாட் லிஃப்டின் அவசர போன்?

அதற்கும் இதே கதிதான். கட்டட நிர்வாகியைக் கேளுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

மேலே படியுங்கள்.

சென்னை வீட்டு பிஎஸ்என்எல் பில் பற்றி...

எனக்குத் தெரியாத விஷயம்.

மாறவே மாட்டேன் என்றால்?

கொஞ்ச நாள் தள்ளலாம். 2025 டிசம்பர் என்றிருந்த கெடுவே தள்ளிப்போனதுதான். ஆனால் பழைய எக்ஸ்சேஞ்சுக்கு உதிரி பாகம் கிடைப்பதே கஷ்டம். பட்டனைச் சோதித்தீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள்.