கண்ணாடிக்குள் பனி: கைக்கடிகாரக் கேள்வி – பதில்

கேள்வி: கொழும்புக்குப் போய்த் திரும்பினால், மறுநாள் காலையில் என் பழைய ஓட்டோமெட்டிக் வாட்ச் கண்ணாடியின் உட்புறம் பனி படிகிறது. வெயில் ஏறினால் மறைந்துவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: விடக்கூடாது. பனி மறைந்தாலும் ஈரம் உள்ளேதான் இருக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். நீங்கள் மலை இறங்கும்போது வெளியழுத்தம் கூடுகிறது. வாட்சின் றப்பர் வொஷர் இறுகி வெடித்திருந்தால், கரையோரத்தின் ஈரக் காற்று அந்த இடுக்கால் உள்ளே தள்ளப்படுகிறது. மலைக்குத் திரும்பியதும் இரவுக் குளிரில் முதலில் குளிர்வது கண்ணாடி. ஈரம் அதில் படிகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். கை பொறுக்கும் சூட்டில் (40–45 பாகை) வெந்நீர் நிரப்பி இறுக மூடிய போத்தலைப் படுக்க வைத்து, அதன் மேல் வாட்சின் முதுகு படும்படி பத்து நிமிடம் வையுங்கள். கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். துடைத்த பிறகும் அந்த இடத்தில் புகை நின்றால் உள்ளே ஈரம் உண்டு. நீர்புகா வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810 என்ற சர்வதேசத் தரத்திலும் இதே முறைதான்.

அரிசிப் பானைக்குள் புதைப்பது வீண் வேலை; தூசிதான் சேரும். திருத்துபவரிடம் கொடுத்து இயந்திரத்தைக் கழற்றி உலர்த்தி எண்ணெயிட வேண்டும். முதுகுமூடி, சாவிக் குமிழ், கண்ணாடி மூன்றின் வொஷர்களையும் சிலிக்கன் கிறீஸ் பூசி மாற்றச் சொல்லுங்கள். பலர் முதுகுமூடி வொஷரை மட்டும் மாற்றிவிட்டுக் காசு வாங்குகிறார்கள். ஆனால் தண்ணீர் அதிகம் நுழைவது சாவிக் குமிழ் வழியே. துருவும் முதலில் அதன் தண்டில்தான் பிடிக்கும். கழற்றியதும் அந்தத் தண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தாத்தாவின் சீக்கோ 5 கிடைத்திருக்கிறது. எந்த ஆண்டுடையது? டயலுக்குப் புதுச் சாயம் அடித்தால் மதிப்புக் கூடுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: குறையும். சாயம் அடித்த டயலைச் சேகரிப்போர் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள்: எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் முள்ளின் நுனியோடு பொருந்தா. பழுப்பேறிய அசல் டயல் எவ்வளவோ மேல். உலோக உடலையும் பொலிஷ் போட விடாதீர்கள். விளிம்புக் கூர்மை போனால் திரும்பாது.

முதுகுமூடியில் ஆறு இலக்கத் தொடர் எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்தது மாதம் (ஒக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்துகள்). 7 என்று தொடங்கினால் 1977ஆ 1987ஆ என்பதை இயந்திர வகையைக் குறிக்கும் நான்கு இலக்கத்தை வைத்தே பிரிக்க வேண்டும். அந்த நான்கு இலக்கம் முதுகுமூடியிலும், டயலின் அடியோரத்தில் பொடி எழுத்திலும் இருக்கும். ஒன்றில் 7009, மற்றதில் 7எஸ்26 என்றிருந்தால் பல வாட்சுகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது. இந்த இரண்டு இயந்திரங்களுக்கும் குமிழைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. மெதுவாக இருபது முப்பது முறை பக்கவாட்டில் ஆட்டி ஓடவிடுங்கள்.

கேள்வி: வாட்ச் திடீரென்று நாளுக்குப் பத்து நிமிடம் முந்துகிறது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், காந்த மூடியுள்ள போன் உறை இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். துடிப்பைச் சீராக்கும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்ட, அதன் நீளம் குறைந்து துடிப்பு வேகமாகிறது. திசைகாட்டியின் மேல் பிடியுங்கள். ஊசி வாட்சைத் தொடர்ந்து வெடுக்கென ஆடினால் காந்தமேதான். காந்தநீக்கியில் பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெல்ல ஒரு முழம் விலக்கி, அதன் பிறகே பொத்தானை விட வேண்டும்; முன்னரே விட்டால் காந்தம் மறுபடி ஏறும். ஊசி அசையாவிட்டால் வாட்ச் விழுந்து ஸ்பிரிங் சிக்கியிருக்கலாம், அல்லது எண்ணெய் பட்டிருக்கலாம். அது திருத்துபவர் வேலை.