அத்தான் துபாயிலிருந்து கேமரா வாங்கி வருகிறார்: காம்பாக்டா, டி.எஸ்.எல்.ஆரா?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இதுவரை மொபைலில்தான் படம் எடுத்திருக்கிறேன். தேரூர் குளத்துப் பறவைகள், தோவாளைப் பூச்சந்தை, வீட்டு விசேஷங்கள் ஆகியவற்றை நன்றாக எடுக்க ஆசை. துபாயில் இருக்கும் அத்தான் கிறிஸ்துமஸுக்கு வரும்போது கேமரா வாங்கி வருவதாகச் சொல்கிறார். “சின்ன காம்பாக்ட் போதும், பையில் போட்டுக்கொள்ளலாம்” என்பது அவர் கட்சி. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமராவான டி.எஸ்.எல்.ஆர். இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம் என்பது நண்பர்கள் கட்சி. கையில் ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்கச் சொல்லட்டும்?

பதில்: முதல் வேலையாக அத்தானுக்குப் போன் போட்டு, கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அன்போடு வாங்கி வந்த பொருளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது, பயன்படுத்தவும் முடியாது. அந்தச் சங்கடத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சட்டைப்பையில் அடங்கும் சாதாரண காம்பாக்டைப் பேச்சிலிருந்தே எடுத்துவிடலாம். விலை குறைந்த காம்பாக்டுகள் பெரும்பாலானவற்றில் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம்தான். சுண்டுவிரல் நகம் அதைவிடப் பெரிது. இன்றைய நல்ல மொபைல்களின் முதன்மைக் கேமராவில் இதைக் காட்டிலும் பெரிய சென்சார் இருக்கிறது. போதாததற்கு, ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கும் வித்தையும் மொபைலுக்குத் தெரியும். கையில் இருப்பதைவிடக் குறைந்த ஒன்றைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

காம்பாக்டில் இரண்டு வகைக்கு மட்டும் இன்றும் மரியாதை உண்டு. ஒன்று, 1 இஞ்ச் வகை என்று சொல்லப்படும் 13.2 மி.மீ. அகல சென்சார் கொண்டது. அதில் நல்லவை பெரும்பாலும் உங்கள் பணத்தைத் தாண்டிவிடும். மற்றொன்று நீள ஜூம் கேமரா. பார்வைக்கு டி.எஸ்.எல்.ஆர். போலவே இருக்கும், ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது. சென்சார் என்னவோ அதே சுண்டுவிரல் நகம்தான். ஆனாலும் குளத்தின் அக்கரையில் நிற்கும் நாரையின் அலகை இந்தக் கரையிலிருந்தே கொண்டுவந்து காட்டிவிடும். இதைச் சொல்லாமல் டி.எஸ்.எல்.ஆரை மட்டும் புகழ்ந்தால் அது வியாபாரிப் பேச்சாகிவிடும்.

டி.எஸ்.எல்.ஆர். வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாறும் இடம் இதுதான். கேமரா உடலோடு சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. லென்ஸ் மூன்று மடங்குதான் ஜூம் ஆகும் (இந்த மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்). தேரூர் கரையில் நின்று அதைக் கொண்டு மஞ்சள் மூக்கு நாரையை எடுத்தால், படத்தில் குளம் இருக்கும், தாமரை இலை இருக்கும், நாரையைத் தேட வேண்டியிருக்கும். சித்ரா பௌர்ணமி மாலையில் குமரிக்கரையில் நிலா எழுவதை எடுத்துப் பாருங்கள், இது தெளிவாகப் புரியும். 55 மி.மீ. லென்ஸில் நிலா சென்சாரின் மேல் வெறும் அரை மில்லிமீட்டர் வட்டமாக விழும். 300 மி.மீ. லென்ஸ் மாட்டினால் இரண்டே முக்கால் மில்லிமீட்டர். சென்சாரின் உயரமே பதினைந்தரை மில்லிமீட்டர்தான் என்னும்போது முதலாவது ஒரு புள்ளி, இரண்டாவதுதான் நிலா. பறவைக்கும் இதே கணக்கு. 70-300 லென்ஸ் இல்லாமல் தேரூருக்குப் போகாதீர்கள்.

அப்படியானால் நீள ஜூம் கேமராவே போதுமே என்று கேட்பீர்கள். நடுப்பகல் பறவை மட்டும்தான் ஆசை என்றால், போதும். உங்கள் பட்டியலில் தோவாளையும் வீட்டு விசேஷமும் இருப்பதுதான் சிக்கல்.

தோவாளைச் சந்தை விடியும் முன்பே களைகட்டிவிடும். மேலே குண்டு பல்பு, கீழே பிச்சியும் அரளியும் குவியல் குவியலாக. பூக்கட்டும் அம்மாவின் விரல்கள் நொடிக்கு நொடி ஓடும். அந்த விரல்கள் கலங்காமல் வர வேண்டுமானால் வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவான ஷட்டர், ஒரு நொடியின் 125-இல் ஒரு பங்கு நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே திறந்திருக்க வேண்டும். அத்தனை குறுகிய நேரத்தில் கிடைக்கும் துளி வெளிச்சத்தை அள்ளப் பெரிய சென்சாரும் அகலமான துளையும் தேவை. டி.எஸ்.எல்.ஆர். சென்சார் ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ. பரப்பில் அது சின்னக் காம்பாக்டைப் போலப் பதின்மூன்று மடங்கு. அதில் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் துளையின் கணக்கும் சேர்ந்துகொள்கிறது (எஃப் எண் குறையக் குறையத் துளை அகலம்). 18-55 லென்ஸின் கடைசி முனையான எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ. என்பது வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு, அதைக் கூட்டினால் படத்தில் புள்ளி விழும். 18-55 லென்ஸ் ஐ.எஸ்.ஓ. 6400 கேட்கும் இடத்தில் இந்த லென்ஸுக்கு 640 போதும். பிச்சிப்பூவின் வெள்ளையில் உப்புக் கொட்டியதுபோல் புள்ளிகள் வராது. இரவு வரவேற்பு நடக்கும் கல்யாண மண்டபத்துக்கும், சாளர வெளிச்சம் மட்டுமே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை அறைகளுக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே என் தீர்ப்பு டி.எஸ்.எல்.ஆர். ஆனால் புதிதாக வேண்டாம், ஒருவர் பயன்படுத்தியதை உள்ளூரில் வாங்குங்கள். கேனானும் நிக்கானும் 2018-இல் தங்கள் புதிய மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கிய பிறகு, பலரும் பழைய உடலை விற்றுவிட்டு அங்கே தாவிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே கண்ணாடி இல்லாத, எடை குறைந்த கேமராக்கள் அவை. நல்லவைதான். ஐம்பதாயிரத்துக்குள் உடலும் மூன்று லென்ஸும் அங்கே கட்டுப்படியாகாது. அவர்கள் தாவுவது உங்களுக்கு லாபம். பணத்தில் பாதிக்கு மேல் உடலுக்குக் கொடுக்காதீர்கள், மீதி லென்ஸுக்கு.

பழையதை வாங்கும்போது ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலையின் நூலைப்போல மெல்லிய வெண்கிளைகள் தெரிந்தால் அது பங்கஸ், லென்ஸுக்குள் வளரும் பூஞ்சை. எத்தனை மலிவாகத் தந்தாலும் வேண்டாம். பிளாஷ் மாட்டும் உலோகத் தண்டவாளத்தையும் பேட்டரி அறையின் தகடுகளையும் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ பூத்திருந்தால் அந்தக் கேமரா கடற்கரையில் வாழ்ந்தது என்று பொருள். நிக்கானில் ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பைக் கணினியில் சோதித்தால், இதுவரை ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொடக்கநிலை உடல்களில் ஒரு லட்சம் என்பது பழுத்த வயது. பெரும்பாலான கேனான்களில் இந்த எண் கோப்பில் இருக்காது.

இன்னொரு பள்ளம். நிக்கானின் 3000, 5000 வரிசை உடல்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏ.எஃப்.-டி லென்ஸை மலிவாகக் கண்டு வாங்கினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதைக் குறிக்கும் ஏ.எஃப்.-எஸ். என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.எஃப்.-பி. என்றிருந்தால், அது அந்த உடலில் முழுதாக வேலை செய்யுமா என்று மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். கேனானின் தொடக்கநிலை உடல்களில் இந்தத் தொல்லை இல்லை, இ.எஃப்., இ.எஃப்.-எஸ். என்ற இரண்டு வகை லென்ஸும் ஓடும்.

நம் மாவட்டத்தில் கேமரா வைத்திருப்பவன் பாதி நேரம் உப்போடும் மணலோடும் ஈரத்தோடும்தான் மல்லுக்கட்டுகிறான். என் முதல் டிஜிட்டல் காம்பாக்டை முட்டம் பாறைகளுக்குக் கீழே மணலில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். எடுத்து ஆன் செய்தபோது லென்ஸ் குழல் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. காதருகே வைத்தால் ஆட்டுக்கல் கரகரப்பு. நீண்டு சுருங்கும் குழல் உள்ள காம்பாக்டுக்கெல்லாம் இந்த ஆபத்து உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலைக் கையில் அள்ளிப் பாருங்கள், எவ்வளவு நுண்ணியது என்று தெரியும். டி.எஸ்.எல்.ஆருக்கும் விலக்கில்லை. கடற்கரையில் லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள், வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். திருவள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையிலுள்ள கண்ணாடிப் பாலத்துக்குப் போவதானால் 18-55-ஐ மாட்டுங்கள். 133 அடிச் சிலையை அருகிலிருந்து அடக்க 18 மி.மீ. முனை வேண்டும். திரும்பி வந்ததும் சற்று ஈரமான துணியால் உடலைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். உலர்ந்த துணியால் மட்டும் தேய்த்தால் உப்புப் பரல் கோடு போடும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் ஊர் இது. கேமராவைத் தோல் உறையில் போட்டு மர அலமாரியில் வைப்பதும், கேமரா வாங்கி வந்து பங்கஸ் வளர்ப்பதும் ஒன்றுதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவுதான் செலவு. முள் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீல நிறப் பரல் இளஞ்சிவப்பானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைப் பிறகு சமையலறைக்குத் திருப்பித் தராதீர்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம், அரிசி மாவுத் தூசி பொத்தான் இடுக்கெல்லாம் ஏறிவிடும்.

கண் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது திரையை அல்ல. லென்ஸ் வழியாகக் கண்ணாடியில் பட்டு நேராக வரும் வெளிச்சத்தை. 300 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு மேலேறிவிட்ட சூரியனை அதன் வழியே பார்த்தால் விழித்திரை கருகும். சூரியோதயத்தை எடுக்கக் கேமராவின் பின்பக்கத் திரையைப் பயன்படுத்துங்கள்.

இனி அத்தான். துபாயில் வாங்கும் கேமரா உடலுக்கு இங்கே உத்தரவாதம் செல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. அதனால் உடலை இங்கேயே, நேரில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். எந்த நிறுவனத்து உடல் என்று முடிவானதும் அத்தானுக்கு ஒரே வரி அனுப்புங்கள்: அந்த உடலுக்குப் பொருந்தும் 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. அதை மட்டும் மாட்டிக்கொண்டு முதல் மாதம் தோவாளைக்குப் போய் வாருங்கள். 70-300-ஐத் தேரூரில் நாரைகள் கூடும் நேரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம்.