குறைமாதத்தில் பிறந்தவனுக்கு மறுபடியும் ரத்தத்தில் கிருமி பரவுமா?

நீங்கள் பயப்படுகிறீர்களே, குறைமாதத்தில் பிறந்தான் என்று, அந்தக் காரணத்தால் இனி பரவாது. 32 வாரத்தில் பிறந்து, பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது உங்கள் மகனுக்கு ரத்தத்தில் கிருமித்தொற்று வந்தது. அன்றைய ஆபத்துகள் அந்த வயதுக்கு உரியவை. தாயின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். அவனுக்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை. தோல் மிக மெல்லியதாக இருந்திருக்கும். பால் குடிக்க முடியாததால் பெரிய ரத்தக்குழாயில் டியூப் போட்டு ஊட்டச்சத்து ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். கிருமி உள்ளே போக அது நேர்வழி. இரண்டரை வயதில் இவை எதுவுமே அவனுக்கு இல்லை.

இந்த வயதில் மருத்துவர்களாகிய நாங்கள் உண்மையாகவே கவலைப்படுவது வேறு குழந்தைகளைப் பற்றி: புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், மருந்து ஏற்ற நெஞ்சில் டியூப் வைத்திருப்பவர்கள், மண்ணீரல் இல்லாதவர்கள், அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) உள்ளவர்கள். இன்னும் சிறியவர்களில், மூன்று மாதம் நிறையாத எல்லாக் குழந்தைகளும்கூட. இவர்களுக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் கடிதத்தில் எழுதிய நான்கு மாதத்தில் மூன்று காய்ச்சல், பச்சைச் சளி, முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு: மூன்றையும் விடுங்கள். மற்ற பிள்ளைகளோடு பழகும் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். இணையத்தில் 'செப்சிஸ்' (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) என்று தேடிப் படித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பதால் அவனுக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: 'குறைமாதக் குழந்தை என்பதால் சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட்டோம்.' நீங்கள் எழுதிய அத்தனையிலும் ஆபத்தான விஷயம் இதுதான். சிறு குழந்தைகளின் ரத்தத்தில் பரவும் நிமோகாக்கஸ், ஹிப் கிருமிகளுக்கு எதிராக நல்ல தடுப்பூசிகள் இருக்கின்றன. குறைமாதக் குழந்தைக்கு அவை இன்னும் அவசியம். விட்டுப்போனதை இப்போதும் போடலாம்.

அப்புறம், காய்ச்சல் வந்தால் எதைப் பார்ப்பது? தெர்மாமீட்டரை அல்ல, பிள்ளையைப் பாருங்கள். 103 டிகிரி ஏறி, மருந்து கொடுத்ததும் எழுந்து விளையாடுகிறவனைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. காய்ச்சல் இறங்கிய பிறகும் துவண்டு கிடக்கிறான், கூப்பிட்டால் முகம் பார்க்கவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். கை காலைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் ஏறும்போது நடுக்கத்தோடு கொஞ்ச நேரம் சில்லென்று இருப்பது இயல்பு. உடம்பு சுட்டுக்கொண்டிருக்க, கை கால் மட்டும் சில்லிட்டே இருந்து, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறினால், மூச்சு வேகமானால், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தெரிந்தாலும் அப்படித்தான். முன்பு வந்த தொற்றைப் பற்றியும் அங்கே சொல்லுங்கள்.

வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பை இரண்டு நாள் கொடுத்தேன் என்கிறீர்கள். இதைப் படித்துக் கோபம் வந்தது. பொடியில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் அந்தச் சிரப் வகைகள் பொதுவாக ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தது எதற்கும் உதவாது. வீரியம் மிச்சமிருந்தால் இன்னும் மோசம். ரத்தத்தில் உண்மையிலேயே கிருமி இருந்தாலும் அரைகுறை மருந்தால், ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அது வளராமல் போகலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமலே நாங்கள் சிகிச்சை செய்ய வேண்டிவரும்.

அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். லேசான சளி இருந்தாலும் ஊசி போடலாம்.