ஒரே லேன் கேபிளில் இரண்டு கணினி: ஸ்பிளிட்டரை நம்பாதீர்கள்

பள்ளத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "ரவுட்டர் முகப்பில் இருக்கிறது. வைஃபை வளவு முற்றத்தைத் தாண்டி வருவதில்லை என்பதால் இரண்டாம் கட்டுக்கு ஒரு கேபிள் இழுத்து மகள் வேலை பார்க்கிறாள். இப்போது மாப்பிள்ளைக்கும் நெட் வேண்டும். காரைக்குடியில் ஒரு கடையில் நூறு ரூபாய் ஸ்பிளிட்டர் போதும் என்கிறார்கள். நெட்காரர் இரண்டாவது கனெக்‌ஷன் எடுக்கச் சொல்கிறார். எது சரி?"

இரண்டுமே வேண்டாம். ஐந்து போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் என்று கேட்டு வாங்குங்கள், ஒரு கேபிளில் வரும் நெட்டைப் பல கணினிக்கும் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது, சாதாரண வகை ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இப்போது மகள் கணினியில் செருகியிருக்கும் கேபிளைப் பிடுங்கி அதில் செருகி, அதிலிருந்து இரண்டு சின்னக் கேபிள்களை இரண்டு கணினிக்கும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. செட்டிங் எதுவும் கிடையாது. கரன்ட் வேண்டும், அதனால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள்.

அந்த நூறு ரூபாய் ஸ்பிளிட்டர் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளையும் அப்படியே இரண்டு வாய்க்கும் கோத்து வைத்த பிளாஸ்டிக், அவ்வளவுதான். இரண்டு கணினியையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே தடுமாறும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முகப்பில் இருப்பது நிஜமாகவே ரவுட்டர்தானா? சில வீடுகளில் நெட்காரர் வெறும் ஃபைபர் பெட்டியை மாட்டிவிட்டு, கணினியிலேயே யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு நெட்டைத் திறக்கும்படி வைத்திருப்பார். அப்படியானால் ஸ்விட்ச் போட்டும் ஒரு கணினிக்குத்தான் நெட் வரும், அந்தப் பெட்டிக்கு அடுத்து ஒரு ரவுட்டர் வைத்தே ஆகவேண்டும். உங்களுக்கு வைஃபை அந்தப் பெட்டியிலிருந்தே வருகிறது, கணினியும் எந்தப் பாஸ்வேர்டும் கேட்பதில்லை என்றால் கவலை இல்லை. சந்தேகமாக இருந்தால் மகளிடம் சொல்லி கணினியின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குக் கிடைத்திருக்கும் எண்ணைப் பாருங்கள், 192.168 என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் ரவுட்டர்தான்.

இதைச் சொல்ல வேண்டியது நெட்காரரின் வேலை. மாதாமாதம் பணம் கட்டுகிறவரிடம் இரண்டாவது கனெக்‌ஷனைத் தலையில் கட்டப் பார்ப்பது எரிச்சலாக இருக்கிறது. இருக்கும் வேகத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள், 100 எம்பிபிஎஸ் பிளானில் இரண்டு வீடியோ கால் தாராளமாக ஓடும்.

அப்புறம் கேபிள். முகப்பிலிருந்து இன்னொன்று இழுக்கணும் என்று மீட்டர் கணக்கில் பில்லோடு வருவார்கள், தேவையே இல்லை. எப்போதாவது புதிதாக இழுக்க நேர்ந்தால் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். நல்ல செம்பு விலைக்கு அதைச் சில கடைகளில் தள்ளிவிடுகிறார்கள். முற்றத்தைச் சுற்றி நீளமாக ஓடும் கேபிளுக்கு அது ஆகவே ஆகாது, மடிக்கிற இடத்தில் ஒடியும், வேகமும் விழும். சுரண்ட விடாத கடையில் வாங்காதீர்கள்.