மகஜர் யாருக்கு, எப்போது?

கேள்வி: பினாங்கில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் நான். ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது மலேசியா பலமுறை நடுநிலை வகித்திருக்கிறது. பிரதமருக்கு மகஜர் (கோரிக்கை மனு) கொடுத்தால் இது மாறுமா?

பதில்: கொடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 2012, 2013 வாக்கெடுப்புகளின்போது நஜிப் பிரதமர்; 2022-இல் இஸ்மாயில் சப்ரி. மூன்று முறையும் நடுநிலைதான். பிரதமர் மாறியும் நிலை மாறவில்லை என்றால் அது கோப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தீர்மான வரைவு வந்ததும் ஜெனீவாவில் உள்ள நம் தூதுக்குழு விஸ்மா புத்ராவிடம், அதாவது வெளியுறவு அமைச்சிடம், உத்தரவு கேட்கும். அங்கே ஓர் அதிகாரி குறிப்பு எழுதுவார்: போன முறை எப்படி வாக்களித்தோம், கொழும்போடு உறவு எப்படி, ஆசியான் நாடுகள் என்ன செய்யப் போகின்றன. பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடாமை என்ற பழைய கொள்கையும் அதில் இருக்கும். புதிதாக ஒரு காரணம் வராவிட்டால் போன முறை எடுத்த முடிவே திரும்ப வரும். உங்கள் மகஜர் அந்தக் குறிப்பு எழுதப்படும் முன்பே அந்த மேசைக்குப் போயாக வேண்டும். வாக்கெடுப்பு வாரத்தில் கோலாலம்பூரில் கூட்டம் போடுவது தாமதம்.

உள்நாட்டு அரசியல் வெளியுறவை அசைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 மார்ச்சில் ரோம் சாசனத்தில் (சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தம்) சேர்ந்த மலேசியா, உள்நாட்டு எதிர்ப்பால் ஏப்ரலிலேயே விலகிக்கொண்டது. அன்று கிளம்பிய குரல் நமக்கு உவப்பானதல்ல, ஆனாலும் அரசாங்கம் அதைக் கேட்டது.

சரி, செய்ய வேண்டியது என்ன? மன்றத்தில் 47 நாடுகளுக்குத்தான் வாக்கு. மலேசியா அப்போது உறுப்பினரா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வாக்கைக் கேட்டுப் பயனில்லை. விவாதத்தில் பேசச் சொல்லுங்கள், தீர்மானத்தை இணைந்து முன்மொழியச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

மகஜர் மலாய் மொழியில், இரண்டு பக்கத்துக்குள், ஒரே ஒரு கோரிக்கையோடு இருக்கட்டும். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அமர்வுக்கு இரண்டு மாதம் முன்பே வெளியுறவு அமைச்சரிடம் சேருங்கள். நகலை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, மக்களவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள். கேள்வி பதிவானால் அமைச்சு பதில் தயாரிக்க வேண்டும். அதற்காகவே அந்தக் கோப்பு மறுபடி திறக்கப்படும்.