பெட்டியை அப்புறம் கட்டலாம், தம்பி

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், தம்பி. வெளிநாட்டுக்கு வந்து 8 மாதம் ஆகிறது. மனைவியும் 4 வயது மகளும் வந்து சேர்ந்து 3 மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் கம்பெனி உங்களை 5 மாதத்துக்கு, நாடு விட்டு நாடு போய் இயந்திரம் நிறுவித் தரும் வேலைக்கு அனுப்புகிறது. "என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும், எப்படித் தயாராவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வெளிநாட்டில் குடியேறி 19 வருடம் ஆகிறது. அதில் 7 வருடம் உங்களுடைய வேலையைப் போன்ற வேலைதான். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டேன். எடுத்துக்கொண்டு போகும் சாமான்களைப் பற்றி உங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் வீட்டில் விட்டுவிட்டுப் போகும் இரண்டு பேரைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

என் முதல் நீண்ட பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கடும் குளிர்காலம். ஒரு நாள் இரவு வீட்டைச் சூடாக்கும் கருவி நின்றுவிட்டது. என் மனைவி அந்தச் சேவை நிறுவனத்துக்குப் போன் செய்தாள். ஒப்பந்தம் உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது, அவர்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அப்போது அந்த ஊர் மொழி சரளமாக வராது, வாதாட முடியவில்லை. நான் வேறொரு நாட்டில் இரவு ஷிப்டில் இருந்தேன். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சாலை அது. வெளியே வந்து பார்த்தபோது 14 தவறிய அழைப்புகள். அந்த இரவு முழுவதும் அவள் இரண்டு பிள்ளைகளையும் ஒரே கட்டிலில் படுக்க வைத்து, வீட்டில் இருந்த அத்தனை போர்வையையும் போட்டு மூடி, விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள்.

கருவி பழுதாவது எங்கேயும் நடக்கும். என்னை இன்றும் உறுத்துவது வேறு. வாடகை ஒப்பந்தம், மின்சாரம், வங்கிக் கணக்கு, இணைய இணைப்பு, காப்பீடு எல்லாமே என் பெயரில் இருந்தன. முதலில் வந்தவன் நான், வேலையில் இருந்தவன் நான், அதனால் எல்லா விண்ணப்பத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். தப்பான எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் நான் கிளம்பிய நாளில், அந்த வீட்டின் சாவி மட்டும்தான் அவள் கையில் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் நான் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். புதிதாக வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றைக்கும் இதே நிலைமைதான்.

அதனால் உங்கள் முதல் வேலை இது. ஒரு தாளை எடுத்து, வீட்டில் எது எது உங்கள் பெயரில் இருக்கிறது என்று எழுதுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், மனைவிக்கு அவர் பெயரிலேயே தனி அட்டை வாங்குங்கள். மின்சாரம், வாடகை, இணையம் போன்றவற்றில் அவரையும் பேச அனுமதிக்கப்பட்டவராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் இதற்கு ஒரு படிவமோ ஒரு போன் அழைப்போ போதும். நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லும் அலுவலகங்களும் உண்டு, அதனால்தான் இன்றே தொடங்கச் சொல்கிறேன். பெரிய விஷயங்களுக்கு, உங்கள் சார்பில் அவர் கையெழுத்துப் போட உரிமை தரும் அதிகாரப் பத்திரம் ஒன்று எழுதி, உங்கள் நாட்டில் அது செல்லும் முறைப்படி சான்று வாங்கி வையுங்கள்.

கூட்டுக் கணக்கு இருந்தாலும் ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும் என்றால் பாதிப் பயன்தான். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது அவர் பள்ளிக் கட்டணம் கட்ட முயன்றால் அப்படியே நின்றுபோகும். அவருடைய எண்ணுக்கே ஓடிபி வரும்படி அவருக்கென்று தனி உள்நுழைவு வைத்துக் கொடுங்கள். உங்கள் எண்ணையும் கவனித்துக்கொள்ளுங்கள். பிரீபெய்ட் சிம் நீண்ட நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் முடக்கிவிடுவார்கள். போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி உங்கள் பையில்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் புதிதாக வந்தவருக்கு இதில்தான் பெரிய இழப்பு நேரும். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் சில நாடுகளின் விதியைச் சொல்கிறேன். வெளியே இருக்கும் நாள்களை நீங்கள் குடியேறிய நாடு எண்ணிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவில் இருந்துகொண்டு நிரந்தர வசிப்பு உரிமைக்குப் போக வேண்டும் என்றால், எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. கனடாவில் நிரந்தரவாசி 5 வருடத்தில் 730 நாளாவது உள்ளே இருக்க வேண்டும். குடியுரிமை கேட்பதற்கு 1,095 நாள். ஜெர்மனியில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், வசிப்பு அனுமதியே பொதுவாகச் செல்லாமல் போய்விடும். அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஒரே மூச்சில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், பிற்பாடு குடியுரிமை விண்ணப்பத்தில் தொடர் வசிப்பு பற்றிக் கேள்வி எழும்.

உங்களுடையது 5 மாதம். வேலை இழுத்துக்கொண்டு போனால் 6 ஆகும், 7 ஆகும். இந்தத் தொழிலில் சொன்ன தேதியில் முடிந்த வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே உங்கள் நாட்டு வரம்பு என்ன என்று கண்டுபிடித்து, அந்தத் தேதியை மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்: "இந்த நாளைத் தாண்டி என்னால் வெளியே இருக்க முடியாது." வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். ஒரு நோட்டில் வெளியேறிய நாள், திரும்பிய நாள் இரண்டையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். போர்டிங் பாஸ்களைப் படம் எடுத்து வையுங்கள். நான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது பழைய பயணங்களின் தேதிகளைத் தேடியே ஒரு மாதம் போனது.

விசாவிலும் ஒரு குழி இருக்கிறது. வணிக விசாவில் போய்க் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். கையில் கருவியைப் பிடித்து இயந்திரம் பூட்டினால் பல நாடுகளில் அது வேலை என்று ஆகிவிடும், அதற்கு வேறு அனுமதி வேண்டும். "எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள்" என்று கம்பெனியில் சொன்னாலும், எல்லையில் நிறுத்தப்படுவது உங்கள் பாஸ்போர்ட். எந்த அனுமதியில் அனுப்புகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வெளியே குடியிருந்துகொண்டு அங்கே போவதானால், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கையும் மனதில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் செல்லுபடியும் சில வெற்றுப் பக்கங்களும் இருக்கட்டும். எல்லா விசாவையும் கிளம்புவதற்கு முன்பே வாங்கித் தரச் சொல்லுங்கள். நடுவில் விசாவுக்காகப் பாஸ்போர்ட்டை ஏதோ ஒரு தூதரகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இரண்டு வாரம் இருக்கிறதே, அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து ஒரு அழைப்பு வந்தால் நீங்கள் நகர முடியாது.

அந்த அழைப்பைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. இருந்தாலும் கிளம்புவதற்கு முன் மனைவியோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். இரண்டு பக்கப் பெற்றோரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் யார் போவது, குழந்தை யாரோடு இருக்கும், டிக்கெட் போட அட்டையில் எவ்வளவு வரம்பு இருக்கிறது? அவர் மகளைத் தனியாக அழைத்துக்கொண்டு போக நேர்ந்தால், தந்தையின் சம்மதக் கடிதத்தைச் சில எல்லைகளிலும் விமான நிலையங்களிலும் கேட்பார்கள். நோட்டரி சான்றோடு ஒன்று எழுதி வீட்டில் வையுங்கள். மகளின் பாஸ்போர்ட்டும் மனைவியின் வசிப்பு அட்டையும் எப்போது காலாவதி ஆகின்றன என்று பாருங்கள், குழந்தைகளின் பாஸ்போர்ட் சீக்கிரமே முடிந்துவிடும். என் மாமனார் காலமானபோது நான் இல்லை. அந்தக் கடிதம் இருந்ததால் என் மனைவி அன்றிரவே பிள்ளைகளோடு விமானம் ஏற முடிந்தது.

அப்புறம், வீட்டுக்கு நடந்து வரும் தூரத்தில் ஒரு மனிதர் வேண்டும். நமக்கு இங்கே அத்தை, சித்தி யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோ மகளின் பள்ளியில் பழகிய ஒரு தாயோ, யாராக இருந்தாலும் சரி. "நான் 5 மாதம் இருக்க மாட்டேன், அவசரம் என்றால் என் மனைவி உங்களை அழைக்கலாமா?" என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். நான் கூச்சப்பட்டு ஒரு வருடம் கேட்கவில்லை. கேட்ட அன்றைக்கு எதிர்வீட்டு அம்மா தன் வீட்டுச் சாவி ஒன்றையே எங்களிடம் கொடுத்துவிட்டார். பள்ளியில் குழந்தையை அழைத்துப்போக அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் அப்படிப்பட்டவரின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அவசர எண்ணையும் வீட்டு முகவரியையும் உள்ளூர் மொழியில், நம் எழுத்திலும் எப்படி உச்சரிப்பது என்று சேர்த்து, சுவரில் ஒட்டி வையுங்கள். ஐரோப்பாவில் 112, வட அமெரிக்காவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. பதற்றத்தில் தன் வீட்டு முகவரியே வாயில் வராது.

உங்கள் உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் மருத்துவர் சீட்டோடு, அதன் சொந்த அட்டைப்பெட்டியிலேயே, கைப்பையில் எடுத்துப் போங்கள். சாதாரண வலி மாத்திரை, சளி மாத்திரை என்று நாம் நினைப்பதில் சில, வேறு நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன், டிரமடால் கலந்தவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். ஜப்பானில் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மருந்துக்குத் தடை. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட் மணிக்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. நேர மண்டலம் மாறினால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். கிழக்கே போகும்போது இன்னும் சிரமம். போய்ச் சேர்ந்த மறுநாளே உயரத்தில் ஏறும் வேலையையோ மின்சார வேலையையோ ஒத்துக்கொள்ளாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் கையை இழந்த ஒருவரோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

மகளுக்கு வருவோம். 4 வயதுக் குழந்தைக்கு "5 மாதம்" என்பது ஒன்றும் புரியாது. "சீக்கிரம் வந்துவிடுவேன்" என்று சொல்லாதீர்கள், மறுநாள் காலையிலேயே கதவருகே போய் நிற்பாள். நாங்கள் காகித வளையங்களைச் சங்கிலி மாதிரி கோத்துத் தொங்கவிடுவோம், ஒரு நாளைக்கு ஒன்றைக் கழற்றுவது. 5 மாதத்துக்கு அது மிக நீளம், நடுவில் நீங்கள் வீட்டுக்கு வரும் நாள்வரை மட்டும் கோத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் பயணம் ஒப்பந்தத்தில் இல்லை என்றால், கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்குங்கள். 6 வாரத்துக்கு ஒரு முறை வீடு வரும் டிக்கெட் கேட்பது பேராசை இல்லை. கூடுதல் படி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, டிக்கெட்டைக் கேளுங்கள்.

அழைப்பது தினமும், அவள் தூங்கப் போகும் நேரத்துக்கு, பத்து நிமிடம். அவள் பேசவில்லை என்றாலும் பேச வற்புறுத்தாதீர்கள். வீட்டில் இருக்கும் அதே கதைப் புத்தகத்தில் இன்னொரு பிரதி உங்களிடம் இருந்தால் வாசித்துக் காட்டலாம், அவள் பக்கத்தைத் திருப்புவாள். மனைவியோடு பேசுவதை அதில் கலக்க வேண்டாம், அதற்குத் தனி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் பில் கட்டியாயிற்றா, குப்பை வெளியே வைத்தாயிற்றா என்று விசாரணை செய்யாதீர்கள். நான் செய்திருக்கிறேன். ஒரு நாள் அவள், "இன்று நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாக ஒன்று, தவறாமல் செய்யுங்கள். கிளம்புவதற்கு 3 வாரம் முன்னால், ஒரு சனி, ஞாயிறு, திங்கள் உங்கள் போனை அணைத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். வீட்டிலேயே இருங்கள், ஆனால் எதையும் நீங்கள் செய்யாதீர்கள். கதவைத் தட்டும் ஆளிடம் மனைவி பேசட்டும், வங்கிச் செயலியை அவர் திறக்கட்டும், திங்கள்கிழமை பள்ளிக்கு அவர் போன் செய்யட்டும், வெந்நீர்க் கருவியை எங்கே நிறுத்துவது என்று அவரே தேடட்டும். எங்கெல்லாம் அவர் நின்று "இதற்கு என்ன செய்வது?" என்று உங்களைப் பார்க்கிறாரோ, அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது பயணத்துக்கு முன் இதைச் செய்தபோது 11 விஷயங்கள் வந்தன. மூன்று வாரத்தில் 9 சரிசெய்தோம். மீதி இரண்டுக்கும் யாரை அழைக்க வேண்டும் என்று எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் தாளில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எந்த நாடு என்பதையும் சேர்த்து எழுதினால், தெரிந்தவரை சொல்கிறேன்.